கேஸ் மாட்டைக் கறந்த வக்கீல்

வக்கீல் தொழிலுக்கு வாய் வேண்டும், மாட்டுத் தொழிலுக்கு மூக்கு இருக்கக் கூடாது. எனக்கு இரண்டுமே தலைகீழாக அமைந்துவிட்டன.

காலையில் மாடு, அதற்குப் பிறகு சட்டம், சாயங்காலம் மறுபடி மாடு என்று ஏற்காட்டில் என் பொழுது போகிறது. அப்பா விட்டுப்போன மாடுகளை அம்மாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். சட்டத்தை மட்டும் நானாகத் தேடிப் போய்ப் படித்தேன். அதற்கு யாரையும் குறை சொல்ல வழியில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒருத்தி, வாயால் பிழைக்கும் தொழிலுக்கு ஏன் போனாள் என்று கேட்பீர்கள். கல்லூரியில் வைத்த பரீட்சை எல்லாமே எழுத்துப் பரீட்சையாகத்தானே இருந்தது!

பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவர்கள் உங்களில் இருப்பார்கள். ஓட்டலில் கருகிய தோசையைத் திருப்பிக் கொடுக்க வாய் வராமல் தின்றுவிட்டு, "நல்லா இருந்ததுங்க" என்றும் சொல்லிவிட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த அவஸ்தை புரியாது.

போர்டுக்குக் கீழே

ஒண்டிக்கடை என்கிற நாற்சந்தியில் ஜமால் பாயின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் என் ஆபீஸ். மாடிப்படி தொடங்கும் இடத்தில் "வழக்கறிஞர்" என்று போர்டு. அதற்குக் கீழே, எங்கள் வீட்டுப் பாலைத் தன் கடையில் விற்றுக்கொடுக்கும் பாய், "பசும்பால் கிடைக்கும்" என்று சாக்பீஸால் எழுதி வைத்துவிட்டார். கேட்டதற்கு, "ரெண்டும் உங்க சமாசாரம்தானே அம்மிணி, ஒரே எடத்துல இருக்கட்டும்" என்றார். அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு மழை நாளில், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெரியவர் மேலே ஏறி வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "விசயம் கொஞ்சம் அந்தரங்கமுங்க" என்றார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். "என்ற சம்சாரத்துக்குத் தெரியக் கூடாதுங்க. அவ அண்ணங்காரன் சம்பந்தப்பட்டது" என்றார். விவாகரத்தா, சொத்துத் தகராறா என்று மனசு அடித்துக்கொள்ள, புதுக் காகிதம் எடுத்துத் தேதி போட்டேன். அவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், சாக்கின் மறைவுக்குள் கைவிட்டு ஒரு தூக்குப்போசியை எடுத்து மேஜை மேல் வைத்தார். மச்சான் ஊற்றும் பாலில் தண்ணீர் அதிகமாம். வேறு இடத்தில் வாங்குவது தெரிந்தால் வீட்டில் சோறு கிடைக்காதாம். கீழே கூட்டிப் போய் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாலு நொம்பக் கெட்டியா இருக்குதுங்க. சட்டமும் இதே மாதிரிதான் குடுப்பீங்களா, தண்ணி கலப்பீங்களா?"

ஒரே வாக்கியம்

கோர்ட்டுக்கு நாங்கள் சேலத்துக்கு இறங்க வேண்டும். அங்கே ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். இரண்டு வருஷமாக நான் கோர்ட்டில் பேசியது ஒரே வாக்கியம்: "வாய்தா வேண்டும், அம்மா." அம்மா என்பது நீதிபதி. அதைத் தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், இன்னும் தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நீதிபதி, "எதற்கு?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், மின்விசிறியைப் பார்த்தேன். அவரே இரக்கப்பட்டுத் தேதி கொடுத்தார். வெளியே வந்ததும் சீனியர், "ஏம்மா, மாடுகூடப் பசிச்சா கத்தும்" என்றார்.

ஆனால் எங்கள் கட்டுத்தரையில் நான் வேறு ஆள். கறக்கும்போது மாடுகளிடம் வழக்கு முழுவதையும் வாதாடுவேன். எதிர்த்தரப்பை மடக்குவேன். மேஜையைத் தட்டுவதற்குப் பதிலாக வாளியைத் தட்டுவேன். மாடுகள் அசைபோட்டுக்கொண்டே கேட்கும், குறுக்கே பேசாது, "எதற்கு?" என்றும் கேட்காது. ஒருநாள் சாணி அள்ள வந்த அம்மா, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முழு வாதத்தையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஏஞ்சாமி, இத்தன ஞாயம் பேசறயே, அந்தக் கோர்ட்டுல ஒரு மாட்டக் கொண்டாந்து நிறுத்தச் சொல்லேன், அதப் பாத்தே பேசிப்போடுவ!"

பஸ்ஸில் ஒரு சந்தேகம்

காலையில் கறந்து முடித்து, குளித்து, கருப்புக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓடிப் பஸ் பிடிப்பேன். குளித்தாலும் தவிட்டு வாசனை போகாது. கோட்டில் ஏறியது கோட்டோடுதான் போகும். ஒருநாள் என் பக்கத்தில் ஒரு வெளியூர் அம்மா. மலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர். முதல் கொண்டை ஊசி வளைவில் மூக்கைச் சுருக்கினார். மூன்றாவது வளைவில் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நான் ஜன்னல் வழியே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது? அடிவாரம் வரும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்பா, பஸ்ஸில கன்னுக்குட்டி எதுவும் ஏத்தியிருக்கீங்களா?" என்று கண்டக்டரிடம் சத்தமாகவே கேட்டுவிட்டார். கண்டக்டர் எங்கள் ஊர்க்காரர். என் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தார். பஸ் முழுவதற்கும் கேட்கும்படி பதில் சொன்னார்:

"கன்னுக்குட்டி இல்லீங்க, அது எங்க வக்கீலம்மா!"

நெஜமான கேஸ்

"அம்மிணி, இது பாலுக்கு வந்த ஆளு இல்ல. நெஜமாலுமே கேசு!" என்று பாய் கீழேயிருந்து குரல் கொடுத்தார். கூடவே அவரும் ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் தலைச்சோலை கிராமத்திலிருந்து வந்த ராமாயி அக்கா. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் மடியிலிருந்து நாலு கொய்யாப் பழத்தை எடுத்து நீட்டினார், இடது கையால்.

"ஏனுங்க ராமாயி, வக்கீலுக்கு நொட்டாங்கையில குடுக்கறீங்களே, கேசு வெளங்குமா?" என்றார் பாய்.

"சோத்துக்கை எனக்குச் சும்மா ஒப்புக்குத்தான் பாய். பொறந்ததுல இருந்து எல்லா வேலையும் இந்தக் கையிலதான். எங்காத்தாகிட்ட வாங்காத திட்டா?" என்றார் ராமாயி அக்கா.

புருஷன் இறந்த பிறகு, கன்றிலிருந்து வளர்த்த ஒரு செவலை மாட்டை வைத்துத்தான் அவர் பிழைக்கிறார். தலையைச் சாய்த்து ஆளை முறைத்துப் பார்க்குமாம். அதனால் பெயர் டீச்சர். அக்கா அடிவாரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்த நாளில், கொழுந்தன் சடையன் மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கேட்டால், "நான் வாங்கின மாடு. எடமில்லாம அண்ணி ஊட்டுல கட்டியிருந்தேன். தெனமும் நாந்தான் கறக்கறேன்" என்கிறாராம். அரசாங்கம் அடையாளத்துக்கு மாட்டின் காதில் குத்திவிடும் மஞ்சள் வில்லை எப்போதோ வேலியில் மாட்டி அறுந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் இரண்டு பேருக்குமே சொந்தம். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். அவர்கள்மேல் நான் கோபப்பட முடியுமா?

"அந்தப் பாலுலதான் கண்ணு எம்பொண்ணு படிக்கறா. மாடு வரலீன்னா அவளும் என்கூட எஸ்டேட்டுக்குக் காப்பிப்பழம் பொறுக்கத்தான் வரோணும். நீ கோர்ட்டுல நல்லாப் பேசுவேன்னு சொன்னாங்க" என்றார்.

யார் சொன்னது என்று நான் பாயைப் பார்த்தேன். அவர் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார்.

"நாந்தான் சொன்னேன் அம்மிணி. வேற என்னத்தச் சொல்றது?"

ஸ்டேஷனில் டீச்சர்

ராமாயி அக்கா புகார் கொடுக்க, சடையனும் எதிர்ப் புகார் கொடுக்க, போலீஸ்காரர்கள் மாட்டையும் கன்றையும் கைப்பற்றி, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த பட்டர்ஃப்ரூட் மரத்தில் கட்டிவிட்டார்கள். யாரிடம் கொடுப்பது என்று கோர்ட்தான் சொல்ல வேண்டும். அதுவரை இரண்டு பேரும் மாட்டைத் தொடக் கூடாது என்று சப்-இன்ஸ்பெக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சட்டப்படி சரிதான். ஆனால் மடிக்குச் சட்டம் தெரியாதே! மறுநாள் காலையில் பால் கட்டிக்கொண்டு டீச்சர் போட்ட கத்தலில் ஏரிக்கரை வரைக்கும் ஜனங்கள் எழுந்துவிட்டார்களாம். ஸ்டேஷன் எழுத்து வேலைகளைப் பார்க்கும் ரைட்டர் முருகேசன் எனக்குப் போன் செய்தார். பின்னணியில் மாடு.

போய்ப் பார்த்தால், ராமாயி அக்கா வாளியோடு ஓர் அடி வைத்தால் சடையன் கத்துகிறார். சடையன் ஓர் அடி வைத்தால் ராமாயி அக்கா கத்துகிறார். இரண்டு பேரும் நின்றால் மாடு கத்துகிறது. கன்று ஒரு கான்ஸ்டபிளின் துண்டைப் பாதி மென்றிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சார், இந்த மேடத்துக்கு மாடு உண்டுங்க. நல்லாக் கறப்பாங்க" என்று ரைட்டர் என்னைக் காட்டினார். நான் ஒரு கட்சியின் வக்கீல், நான் கறப்பது முறையல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். வழக்கம்போல எடுத்ததோடு சரி. எதிர்க்கட்சி சம்மதிக்குமா என்று சப்-இன்ஸ்பெக்டர் சடையனைக் கேட்டார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெருந்தன்மையோடு சொன்னார்:

"தாராளமாக் கறக்கட்டுங்க சார். அந்தப் புள்ள வாயில்லாச் சீவன்."

டம்ளர்

பன்னிரண்டு வயதிலிருந்து கறக்கிறேன்; போலீஸ் பாதுகாப்போடு கறந்தது அன்றுதான் முதல் தடவை. இரண்டு கட்சிக்காரர்களையும் வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் உட்காரும் பக்கம் குந்தி உட்கார்ந்து, மடியைக் கழுவிக் காம்பில் கை வைத்தேன். டீச்சர் விட்ட உதையில் வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்காலுக்குக் கீழே ஒரு கொய்யாக்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டது. தவிடு காட்டி, முதுகைச் சொறிந்து, மறுபடி உட்கார்ந்தேன். மறுபடியும் உதை, அதே இடத்தில். மூன்றாவது முறை, நொண்டிக்கொண்டு மாட்டைச் சுற்றி வந்து, வலி தாங்காமல் மறுபக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் சாதுவாகக் காலை அகட்டி நின்றது. பால் தானாகச் சுரந்து வந்தது. மாட்டுக்கு மாடு ஒரு கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு, அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

கன்றுக்கு விட்டது போக மீதி இருந்தது. மாடு கேஸ் பொருள். அப்படியென்றால் பாலும் கேஸ் பொருளா? சப்-இன்ஸ்பெக்டர் யோசித்தார். யோசிக்க யோசிக்கப் பால் கெட்டுப்போய்விடும் என்று ரைட்டர் எடுத்துச் சொன்னார். ஸ்டேஷனில் அன்று எல்லோருக்கும் டிகிரி காபி. அது முதல் காலையும் மாலையும் நான் போய்க் கறப்பது வழக்கமானது. நான் வாளியோடு உள்ளே நுழைந்தால், ரைட்டர் டம்ளரோடு மரத்தடிக்கு வந்துவிடுவார். முதல் நாளே, உதட்டில் ஒட்டிய நுரையைத் துடைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்:

"ருசி பிரமாதமுங்க மேடம். ஆனா கோர்ட்டுல கேட்டா, நான் குடிக்கலீன்னுதான் சொல்லுவேன்."

மாடு யாரிடம் போகிறது?

மாட்டை ராமாயி அக்காவிடமே ஒப்படைக்க வேண்டும் என்று மனுப் போட்டேன். அதை மரத்தடியில் கறந்துகொண்டே டீச்சரிடம் வரி வரியாக வாதாடியும் பார்த்தேன். மனு விசாரணைக்கு வந்தது. எழுந்து நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயிலிருந்து பழக்க தோஷத்தில் வந்தது: "வாய்தா வேண்டும், அம்மா." நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அவசரம் என்று மனுப் போட்டதே நீங்கள்தானே?" என்றார். அப்புறம் அவரே, மாடு இரண்டு பேரில் யாருக்குப் பழக்கம் என்று விசாரித்து அடுத்த வாரம் அறிக்கை தரும்படி போலீசுக்கு உத்தரவிட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் அந்த உத்தரவை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொண்டார். ஸ்டேஷன் மைதானத்தில் ஒரு கோடியில் ராமாயி அக்கா, மறு கோடியில் சடையன், நடுவில் டீச்சர். ஒண்டிக்கடையில் பாதிப் பேர் கடையைச் சாத்திவிட்டு வந்து வேலியோரம் நின்றார்கள். ஜமால் பாய் கேனில் டீ கொண்டுவந்திருந்தார். நான் கூட்டத்துக்குப் பின்னால், வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றுகொண்டேன். கயிற்றை அவிழ்த்தார்கள். "டீச்சரு, வா சாமி!" என்று ராமாயி அக்கா கூப்பிட்டார். "ஏய், வா இங்க!" என்று சடையன் கூப்பிட்டார். டீச்சர் தலையைச் சாய்த்து ஒருவரைப் பார்த்தது, மற்றவரைப் பார்த்தது. சரியாக அது என் சாயங்காலக் கறவை நேரம். நேராக வேலிப் பக்கம் வந்தது. கூட்டம் விலகியது. பாயின் டீக் கேனைத் தாண்டி, என் எதிரில் வந்து நின்று, தவிட்டு வாசனை அடிக்கும் என் கோட்டுப் பையை முட்டித் திறக்கப் பார்த்தது.

சிரிப்பு அடங்கவே வெகு நேரமாயிற்று. சடையன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டர் கண்டதைக் கண்டபடி எழுதிக்கொண்டார். ராமாயி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் மெதுவாக நடந்து வந்து மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சத்தமே இல்லாமல் கேட்டார்:

"நான் உன்னயப் பேசத்தானே சொன்னேன் கண்ணு?"

இரண்டாவது வாக்கியம்

அந்தக் கேள்விக்கு அப்புறம் மூன்று நாளாக எங்கள் மாடுகளிடம்கூட நான் பேசவில்லை. கோர்ட்டில் அறிக்கையைப் படித்தார்கள். "மேற்படி மாடு இரு தரப்பினரிடமும் செல்லாமல் மனுதாரரின் வக்கீலிடம் சென்றது" என்ற இடத்தில் நீதிபதியே உதட்டைக் கடித்துக்கொண்டார். சடையனின் வக்கீல் எழுந்தார். அவருக்கு வாய் ஒரு குறையும் இல்லை. "வளர்த்தவரை மாடு மறக்குமா? மனுதாரருக்கும் இந்த மாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. தினமும் கறந்து வரும் என் கட்சிக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும்" என்றார். நீதிபதி பேனாவைத் திறந்தார். நான் ராமாயி அக்காவைப் பார்த்தேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், இடது கையால்.

என் முழங்காலுக்குக் கீழே புடைப்பு விண்ணென்று தெறித்தது.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. "அம்மா, சடையனிடம் ஒரு கேள்வி" என்றேன். என் சீனியர், பின் வரிசையில் யாரோ பேசுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். எதிரில் நிற்பது சடையன் இல்லை, எங்கள் வீட்டு மாடு என்று நினைத்துக்கொண்டேன். பார்வைக்கும் அப்படி ஒன்றும் வித்தியாசமில்லை.

"தினமும் நீங்கதான் கறக்கறீங்களா?"

"ஆமாங்க."

"எந்தப் பக்கம் உக்காந்துங்க?"

"இதென்ன கேள்வி? எல்லாரும் உக்கார்ற பக்கந்தான்."

"அப்படி உக்காந்தா மாடு ஒண்ணும் பண்ணாதுங்களா?"

"பூன மாதிரி நிக்குமுங்க!" என்றார் சடையன், நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டபடி.

ரைட்டர் முருகேசனை விசாரிக்க வேண்டும் என்றேன். அறிக்கை கொண்டுவந்திருந்த அவர் முன்னால் வந்தார். முதல் நாள் நான் கறந்தபோது நடந்ததைச் சொல்லச் சொன்னேன். "மேடம் எல்லாரும் உக்கார்ற பக்கம் உக்காந்தாங்க, ஒதச்சுது. மறுபடி உக்காந்தாங்க, மறுபடி ஒதச்சுது. அந்தப் பக்கம் மாறி உக்காந்தாங்க, கம்முனு நின்னுச்சு. அன்னைல இருந்து அந்தப் பக்கந்தானுங்க அம்மா" என்றார். எதிர் வக்கீல் துள்ளி எழுந்தார்: "நீர் பக்கத்தில் இருந்து பார்த்தீரா?" ரைட்டர், "கையெட்டற தூரத்துல டம்ளரோட நின்னுட்டிருந்தேனுங்க" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. நீதிபதி, "எதற்கு டம்ளர்?" என்று கேட்டார். "நான் குடிக்கலீங்கம்மா!" என்றார் ரைட்டர்.

நீதிபதி ராமாயி அக்காவைக் கூப்பிட்டு, "நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்து கறப்பீர்கள்?" என்று கேட்டார். அக்கா அங்கேயே, கோர்ட்டுத் தரையிலேயே குந்தி, இல்லாத மாட்டின் மறுபக்கத்தில், இடது கைக்கு வாட்டமாக உட்கார்ந்து, அந்தக் கையை முதலில் நீட்டினார். சடையன் தன் வக்கீலைப் பார்த்தார்; வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைக் கேட்டார்:

"இவ்வளவு பேசத் தெரிந்தவர், இரண்டு வருஷமாக என்னிடம் வாய்தா மட்டும் ஏனம்மா கேட்டீர்கள்?"

ஆஜர்

வழக்கு முடியும் வரை மாட்டையும் கன்றையும் ராமாயி அக்கா வைத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது, கோர்ட் கூப்பிட்டால் ஆஜர்படுத்த வேண்டும் என்று உத்தரவானது. மறுநாள் மரத்தடியில் ரைட்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கயிற்றை ஒப்படைத்தார். முகம் வாடியிருந்தது, பின்னால் நின்ற கான்ஸ்டபிள்களின் முகமும் அப்படித்தான். டீச்சர் கிளம்பவில்லை. தலையைச் சாய்த்து என் கோட்டுப் பையையே பார்த்துக்கொண்டு நின்றது. ராமாயி அக்கா என் கையிலிருந்த வாளியை வாங்கி, மாட்டைச் சுற்றி வந்து, தன் பக்கத்தில் உட்கார்ந்தார். இடது கை பட்டதும் டீச்சர் கழுத்தைத் திருப்பி, அவர் முதுகில் ஒரு நக்கு நக்கியது. அப்புறம் என் பக்கம் அது திரும்பவே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

இப்போது ஆபீஸில் கூட்டம்தான். வேலி தாண்டிய எருது, மாற்றிக் கட்டிய கிடாரி, பங்காளி ஓட்டிப்போன ஆடு. மனிதர்களுக்காக ஒரு வழக்குகூட இன்னும் வரவில்லை. போன வாரம் ராமாயி அக்கா மகளோடு வந்தார். மறுபடியும் கொய்யாப் பழம், மறுபடியும் இடது கை. அந்தப் பெண் என்னைப் போலவே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டம் படிக்கட்டுமா என்று கேட்க வந்தவள் கேட்காமலே நின்றாள். அவளுடைய அம்மாதான் கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள், சாக்பீஸும் கையுமாக மாடிப்படியில் நின்ற பாய் முந்திக்கொண்டார்:

"படிக்கட்டும் ராமாயி, ஆனா மாட்ட மட்டும் வித்துப்போடாதீங்க!"

ஐந்து வருஷச் சட்டப் படிப்பு திறக்க முடியாத வாயை ஒரு மாட்டின் பின்னங்கால் திறந்து வைத்தது என்பதுதான், சக கூச்சக்காரர்களே, என் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே சட்டம்.